டைப் செய்கிறார்

எங்கள் வீட்டில் எப்போதுமே சிக்னல் சரியாகக் கிடைக்காது சார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் நன்றாகக் கிடைக்கும். அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியும்.

அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். பகலெல்லாம் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொள்வாள்.

“டாக்டர் இன்னைக்கு என்கூடப் பேசவே இல்லடி. கோவமா இருப்பாரோ?”

“வாயில மாஸ்க் போட்டிருப்பாருக்கா.”

“கிண்டல் பண்ணாத. நான் ரொம்பத் தொணதொணக்கிறேனா?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

நான் நாள் முழுக்க ஜெராக்ஸ் கடையில் நின்றுவிட்டு, மாலையில் உளவியல் வகுப்புக்கும் போய் வருகிறவள். அசதி. அதனால் இணையத்தில் ‘மழைக்குருவி’ என்று ஓர் ஆளை உண்டாக்கி அவளோடு பேசவிட்டேன். குருவி நான்தான். வீடு அமைதியானது. அக்கா பாட்டுக்கூட முணுமுணுத்தாள். ஒருநாள் குருவிக்கு எழுதினாள்: “தங்கச்சி நல்லவதான், ஆனா செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கும்.” அதற்காக எனக்குக் கோபமில்லை.

பிறகு வகுப்பில் ஒரு கட்டுரை கேட்டார்கள். எந்தக் குணமுள்ளவர்கள் சமூக வலைத்தளத்துக்கு அடிமையாகிறார்கள் என்று. அதற்காகக் குணத்தை அளக்கும் வினாத்தாள் ஒன்றை அக்காவும் நானும் நிரப்பினோம். அக்காவுக்குப் பதற்றம் அதிகம். எனக்கு ஒழுங்கும் நிதானமும். ஒழுங்கானவர்கள் எளிதில் சிக்குவதில்லை என்று பாடத்தில் இருந்தது.

கட்டுரைக்காகக் குருவி சில நாள் உடனே கொஞ்சிப் பதில் போட்டது, சில நாள் வெடுக்கென்று பேசியது, சில நாள் போடவே இல்லை. அக்கா சாப்பாட்டை ஆறவிட்டுப் போனையே பார்த்தாள். வேலைக்குப் போவதை நிறுத்தினாள். “நான் ஏதோ தப்பா எழுதிட்டேன்டி” என்று அழுதாள். எனக்கும் குழப்பம்தான். சோதனையில் தாமதத்தையும் பேச்சின் தொனியையும் ஒரே சமயத்தில் மாற்றியிருக்கக் கூடாது. எதனால் அழுகிறாள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் மழை. ‘டைப் செய்கிறார்’ என்று அவளுக்குத் தெரியும்படி எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். மறுபடி எழுதினேன். அவள் சிக்னலைத்தான் திட்டினாள். “ஏதோ சொல்ல வராங்கடி, வந்து சேர மாட்டேங்குது” என்று மாடிக்கு ஓடினாள். தொட்டிப் பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்தது எனக்குத் தெரியும். அவளுடைய காலடிச் சத்தம் என் தலைக்கு மேலே அந்தப் பக்கமாக நகர்ந்தது. நான் எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. கீழே தெருவில் ஆட்கள் கத்தியபோதுதான் போனை வைத்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று சார். அடக்கம் முடிந்த பிறகும் குருவி அக்காவுக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தது. அது வெறும் பழக்கம், அடிமையாகிற குணம் எனக்குக் கிடையாது, வினாத்தாளிலேயே இருக்கிறது. என் போன் உங்கள் மேசையில்தானே இருக்கிறது. பதில் ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.