செர்பியாவில் கோல் காத்த அப்பா

மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் ஏறியபோது பெட்டியில் நான், கைக்குழந்தையோடு ஒரு தாய், எதிரே விமான நிலைய வேலைச் சட்டை போட்ட இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர், அவ்வளவுதான். இறங்குமிடம் தவறிவிடுமோ என்று வெளியே பார்த்தபடி இருந்தேன். காது மட்டும் அவர்கள் பேச்சுக்குப் போய்விட்டது. சன்னலோரத்தில் இருந்தவர் சொன்னார்:

"மச்சான், என்ர அப்பா செர்பியாவில கோல்கீப்பராம்."

"கொப்பரோ? அவர் ஊரைவிட்டுக் கொடிகாமம் தாண்டினவரோ?"

"நான் அங்க அகதி முகாமில இருக்கேக்க அந்தச் சின்ன டவுன் கிளப்புக்குக் கோல் காத்தனான் எல்லே. இப்ப கிளப்பின்ர வரலாற்றை நெட்டில போட்டிருக்கிறாங்கள். பாஸ்போர்ட்டில அப்பான்ர பேர்தானே முன்னுக்கு. அதை மட்டும் எடுத்திட்டாங்கள். கந்தையா, கோல்கீப்பர்."

"மாத்தச் சொல்லி எழுதன்."

"எழுதினன். சரியான பேரை இண்டைக்கே அனுப்பட்டாம். நாளைக்குப் புத்தகமா அடிக்கப் போறாங்கள்."

"பிறகென்ன, அனுப்பு."

"அப்பாவுக்குச் சொல்லிப்போட்டன். பந்தடிக்கப் போனா பூவரசங்கம்பால அடிச்ச மனுசன். இப்ப அந்தப் பக்கத்தை ஊரெல்லாம் போனில காட்டிக்கொண்டு திரியுதாம்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு சன்னலோரத்தில் இருந்தவர் போனை எடுத்துத் தட்டத் தொடங்கினார்.

"என்ன எழுதுறாய்?"

"பேர் சரி எண்டு."