ஜாமீன் பிரியாணி

இல்ல ஆன்ட்டி, இப்பக் கூப்பிட்டது நம்மள இல்ல. உக்காருங்க. ஒவ்வொரு பேருக்கும் எந்திரிச்சு நின்னா சாயங்காலத்துக்குள்ள முட்டி போயிரும். எங்க அத்தையும் மொத வாய்தா தாரீக் அன்னைக்கு இப்படித்தான், ப்யூன் வாயைத் திறந்தாலே எந்திரிச்சாங்க. இப்பப் பாருங்க, அந்தா ஜன்னலோரமா, நீலச் சேலை. ரெண்டு பக்கமும் சபைக்காரங்க. பிளாஸ்க்ல காப்பி, டப்பாவுல முறுக்கு. கோர்ட்டுக்கு வந்தவங்க மாதிரியா இருக்கு? கன்வென்ஷன் கூட்டத்துக்கு முன்னாடியே வந்து எடம் பிடிச்ச மாதிரி இருக்காங்க.

நீங்க தமிழ்னு எப்படித் தெரிஞ்சுதா? போன்ல அழுதீங்கல்லா. வெவரம் எல்லாம் ஹிந்தியிலதான் சொன்னீங்க, அழுகை மட்டும் தமிழ்ல வந்துட்டு.

செம்பூரா? பையனையா? நேத்துத்தான் பிடிச்சிட்டுப் போனாங்களா. பொண்ணு விஷயமா. சரி, முழுசாச் சொல்ல வேண்டாம், விடுங்க. இந்த பெஞ்சுல உக்காந்திருக்க யாரும் முழுசாச் சொல்லுறதில்ல.

எங்களுதும் அதே வகைதான். என் வீட்டுக்காரரோட அண்ணன், தனசீலன்னு பேரு. நாங்க தாராவி. அவருக்கு ஏற்கெனவே ஜாமீன் கெடைச்சு வீட்டுக்கு வந்துட்டாரு. அதை ரத்து பண்ணித் திரும்ப உள்ள போடணும்னு சர்க்கார் வக்கீல் மனுப் போட்டிருக்காங்க. இன்னைக்கு ஜட்ஜ் சொல்லுவாரு. வீட்டுலயா, ஜெயில்லயா, அவ்வளவுதான் விஷயம். எனக்கு ராத்திரி தூக்கம் வந்து எத்தனையோ நாளாச்சு.

நீங்க பயப்படாதீங்க. உங்க பையனுக்கு நெறைய உரிமை இருக்கு, நான் சொல்லுதேன் கேளுங்க. ஏன் அரெஸ்ட் பண்ணுனாங்கன்னு எழுத்துல குடுக்கணும். எஃப்ஐஆர் காப்பி குடுக்கணும், அதுக்குக் காசு கெடையாது, எவனாவது கேட்டா குடுத்துராதீங்க. ஒரு நாளைக்குள்ள மாஜிஸ்டிரேட் முன்னால நிறுத்தணும், அதுக்குத்தான் இன்னைக்கு இங்க கொண்டு வாராங்க. ஸ்டேஷன்ல அடிச்சாங்களான்னு கேப்பாங்க, தலையைக் குனிஞ்சிக்கிட்டு நிக்காம நடந்ததைச் சொல்லச் சொல்லுங்க. வக்கீல் வைக்க வசதி இல்லேன்னா கீழ் மாடியில லீகல் எய்டு ஆபீஸ் இருக்கு, அவங்களே ஆள் தருவாங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடவே கூடாது. போலீஸ் கேக்குற எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்னும் இல்ல. தனக்கு எதிரா தானே பேசுன்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. குத்தம் நிரூபிக்கிற வரைக்கும் அவன் குத்தவாளி இல்ல.

ஐயோ, நான் வக்கீல் எல்லாம் இல்ல. கான்வென்ட்ல படிச்ச மருமக. எங்க வீட்டுல அது ஒரு உத்தியோகம். பொண்ணு இங்கிலீஷ்ல அப்படியே பேசுவான்னு எங்க அத்தை சபை முழுக்கச் சொல்லிச் சொல்லித்தான் என்னைக் கட்டிட்டு வந்தாங்க. எதுக்கு ஒதவும்னு அப்ப அவங்களுக்கே தெரியாது. மொதல்ல கரண்ட் பில்லு, அப்புறம் கேஸ் சிலிண்டர் புக்கிங், இப்ப பெயில் அப்ளிகேஷன். சிஸ்டர்மார் பிரம்பு வச்சிக்கிட்டு சொல்லிக் குடுத்த இங்கிலீஷ் எல்லாம், தனசீலன் அத்தானுக்கு என்னென்ன உரிமை இருக்குன்னு வாசிச்சுச் சொல்லத்தான் போல. வாசிக்க வாசிக்க எனக்கே மலைப்பா வந்துட்டு. பேசாம இருக்க உரிமை. எதிர்த்துக் கேள்வி கேக்க உரிமை. தன்னைப் பத்தி யாரு என்ன எழுதிக் குடுத்தாலும் காப்பி வாங்குற உரிமை. கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து பாக்கேன், இதுல ஒண்ணு கூட எனக்கு இல்ல. அரெஸ்ட் ஆனாத்தான் தருவாங்க போல.

சிரிக்காதீங்க, அத்தை இந்தப் பக்கம் பாக்காங்க.

என்ன பண்ணுனாரா? அவரு தையல் யூனிட் வச்சிருக்காரு, பிள்ளைங்க ஃபிராக் தைக்கிறது. அதுல சுனிதான்னு ஒரு பொண்ணு, ஓவர்லாக் மெஷின்ல உக்காருவா. எங்க சபைப் பிள்ளைதான், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. ஒரு நாள் எல்லாரையும் அனுப்பிட்டு, பேக்கிங் பாக்கி கெடக்குன்னு அவளை மட்டும் நிக்கச் சொல்லி ஷட்டரை எறக்கியிருக்காரு. மேல கை வச்சிருக்காரு. அவ துணி வெட்டுற கத்திரியைத் தூக்கிக் காமிச்சிட்டு ஷட்டரைத் திறந்து வந்துட்டா. வந்தவ வீட்டுக்குப் போயி அழுதிருக்கலாம்லா. நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டா. அதுதான் எங்க அத்தைக்குத் தாங்கல.

இது போலீஸ் எழுதின கேஸ். எங்க வீட்டு கேஸ் வேற. அவ வேற யூனிட்டுக்குப் போகணும்னு நின்னா, இவரு விடல, அந்த வஞ்சத்துல சொல்லுதான்னு. இதை அத்தை உபவாச ஜெபத்துல, சுனிதா பேரையும் சத்தமாச் சொல்லி, ஆண்டவர்ட்டயே ஒப்படைச்சாச்சு. பொறவு வக்கீலும் அதையே எழுதிட்டாரு. ஆண்டவருக்கு ஒண்ணு, கோர்ட்டுக்கு ஒண்ணுன்னு சொல்ல முடியாதுல்லா.

நான் எதை நம்புதேனா? கேஸ் நடக்கையில அப்படிக் கேக்கக் கூடாது ஆன்ட்டி. நிரூபிக்கணும்.

ஜாமீன் ஆர்டர் வந்ததும் நான்தான் வாசிச்சேன். குடுத்த விலாசத்துலதான் தங்கணும். வாரா வாரம் ஸ்டேஷன்ல போயி கையெழுத்துப் போடணும். சுனிதாகிட்ட நேராவோ ஆள் வச்சோ பேசக் கூடாது, அவ வீட்டுப் பக்கமே தலை காட்டக் கூடாது. மீறினா ஜாமீன் போயிரும். பாத்துப் பாத்து எழுதியிருக்காங்க, ரொம்ப நல்ல ஆர்டர்.

குடுத்த விலாசம் எங்க வீடு. ஒரே ரூம், மேல பலகை போட்டு பரண் மாதிரி ஒரு மாலா. கீழ அத்தையும் அவரும். மேல நானும் என் மகளும், அவளுக்கு மூணு வயசு. என் வீட்டுக்காரரு ஸ்டெர்லின் மஸ்கட்ல இருக்காரு. அத்தான் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போனவங்க திரும்பல, ஏன் போனாங்கன்னு எங்க வீட்டுல யாரும் கேட்டதும் இல்ல. மாலாவுக்குக் கதவு கெடையாது, ஏறுறதுக்கு ஒரு அலுமினிய ஏணி. ஆக, அவருக்கும் சுனிதாவுக்கும் நடுவுல மெயின் ரோடு இருக்கு, போலீஸ் சௌகி இருக்கு, கோர்ட் ஆர்டர் இருக்கு. அவருக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஏணி இருக்கு.

ஸ்டெர்லின்ட்ட சொல்லாம இருப்பேனா? வீடியோ கால்ல சொன்னேன். எங்க அண்ணனையே சந்தேகப்படுறியான்னாரு. உங்க அண்ணனை இல்லங்க, ஏணியைத்தான்னேன். கட் பண்ணிட்டாரு.

நடக்கல ஆன்ட்டி, ஒண்ணும் நடக்கல. வெளக்கணைச்ச பொறவு ஏணியைச் சத்தம் கேக்காம மேல இழுத்துருவேன். விடிஞ்சு அவரு எந்திரிக்கும் முன்ன எறக்கி வச்சிருவேன். பாப்பாவுக்கு ஒண்ணுக்கு வந்தா மேலயே ஒரு வாளி. அவரு வந்த வாரத்துலயே ஒரு நாள் காலையில காப்பி குடிச்சிக்கிட்டே கேட்டாரு, ஏன் சுஜா ஏணியைத் தூக்கி வைக்க, நான் என்ன புலியா கரடியான்னு. சிரிச்சிக்கிட்டுத்தான் கேட்டாரு. இருட்டுல ஏணி இல்லேன்னு அவருக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்கல. பதில் சொல்லாம இருக்கத்தான் அவருக்கு உரிமை இருக்கே.

தண்ணி குடிங்க. இன்னும் நேரம் ஆகும்.

எங்க அத்தைக்கு ஜாமீன்னா விடுதலைன்னு அர்த்தம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், இது விடுதலை இல்ல அத்தை, வீட்டுல இருந்துக்கிட்டு கேஸை நடத்துங்கன்னு விட்டிருக்காங்கன்னு. பேதுருவைத் தேவதூதன் ஜெயில்ல இருந்து கூட்டிட்டு வந்த மாதிரி வந்துட்டாம்ல, வேற என்ன வேணும்னாங்க. அந்தத் தேவதூதன் ஜாமீன்தார் கேக்கலன்னு நான் சொல்லல.

அவரு வந்த பொறவு மொத ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திர ஜெபம். போதகர் வந்தாரு, பாட்டுப் பாடியாச்சு, ஒரு அண்டா பிரியாணி. எங்க சபையில ஸ்தோத்திரச் சாப்பாடுன்னா அந்த ஏரியாவுல இருக்க சபை வீடு ஒண்ணையும் விடக் கூடாது. ஒரு வீட்டை விட்டா அந்த வீட்டோட பகைன்னு ஆயிரும். எல்லா வீட்டுக்கும் டப்பா போயாச்சு. பாக்கி சுனிதா வீடு. அத்தை நின்னு யோசிச்சாங்க. விட்டா நாமதான் பகைச்சோம்னு பேசுவாங்க, நாம அவளை மன்னிச்சிட்டோம்னு காட்டணும்னாங்க. ஆமா ஆன்ட்டி. மன்னிச்சது நாங்க.

நான் ஆர்டரை எடுத்து அந்த வரியைத் திரும்ப வாசிச்சேன். ஆள் வச்சும் பேசக் கூடாதுன்னு போட்டிருக்கு அத்தைன்னேன். சோறு குடுக்கிறது பேச்சான்னு அத்தை கேட்டாங்க. அத்தான் எந்திரிச்சு வந்து, டப்பாவைத் திறந்து ரெண்டு லெக் பீஸைக் கூட வச்சு மூடி என் கையில தந்தாரு. அவரு சொன்னதை அப்படியே சொல்லுதேன். நான்தானே போகக் கூடாது, நீ போ சுஜா. கேஸை வாபஸ் வாங்கினா சூப்பர்வைசர் ஆக்குதேன்னு சொல்லு. வாங்கலன்னா அவ தங்கச்சிக்கு இந்தத் தாராவியில ஒருத்தனும் தாலி கட்ட மாட்டான்னும் பக்குவமாச் சொல்லிட்டு வா, கான்வென்ட்ல படிச்சவ, உனக்குப் பேசத் தெரியும்.

போனேன். போகாம என்ன செய்ய. இடுப்புல பாப்பா, கையில டப்பா. சுனிதா அம்மா என்னைப் பாத்ததும் கதவைச் சாத்தப் போனாங்க, அவதான் பிடிச்சா. டப்பாவை வாங்கல. நான் பக்குவமா ஆரம்பிச்சேன், நல்லா இருக்கியான்னு. அதுக்கு மேல வரல. அவ என்னையும் பாத்தா, பாப்பாவையும் பாத்தா. பொறவு கேட்டா.

அக்கா, அந்த ஆளு வீட்டுக்கு வந்துட்டாருல்லா, நீங்க எங்க படுக்கீங்க?

அவ்வளவுதான் கேட்டா. ஜட்ஜ் கேக்கல. எங்க வக்கீல் கேக்கல. போதகர் வீட்டுக்குள்ள வந்து, அந்த ஏணியில முதுகைச் சாய்ச்சுக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணுனாரு, அவரும் கேக்கல. என் வீட்டுக்காரரு கேக்கல. இவ கேக்கா.

அப்புறம் என்ன. பிரியாணி குடுத்து சாட்சியைக் கலைக்கப் பாத்தாருன்னு மனு வந்துட்டு. அத்தைக்கு மனசே ஒடைஞ்சிட்டு, கறி நல்லாத்தானே வெந்திருந்துச்சுன்னு. எங்க வக்கீல் முலுண்ட்காரரு, கெட்டிக்காரரு, ஒரு வழி சொன்னாரு. நானா எடுத்துட்டுப் போனேன், யாரும் அனுப்பல, கேஸைப் பத்திப் பேசவே இல்லன்னு இன்னைக்கு நான் சொல்லிட்டா மனு நிக்காதாம். வீட்டுல வச்சு எனக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அத்தான் கூட ஜட்ஜ் மாதிரி உக்காந்து கேள்வி கேட்டுப் பாத்தாரு. நான் எல்லாத்தையும் சரியாச் சொன்னேன். அதான் அத்தை இவ்வளவு நிம்மதியா முறுக்கு திங்காங்க.

இங்க சொல்லுவேனாவா? அதுல ஒரு சிக்கல் இருக்கு ஆன்ட்டி. ஒரே ஆளு ரெண்டு விதமாச் சொல்ல முடியாதுல்லா. அன்னைக்கு சுனிதா வீட்டுல இருந்து நான் அந்த டப்பாவோட நேராப் போனது ஸ்டேஷனுக்கு. சுனிதாவும் கூட வந்தா. அத்தான் சொன்னதை ஒரு வார்த்தை விடாம இங்கிலீஷ்ல நானே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். எழுதி முடிச்சிட்டு ஒரு தடவை கமா, புல்ஸ்டாப் எல்லாம் சரி பாத்தேன், பழக்கம். ஹவல்தார் பிரியாணியைச் சாட்சிப் பொருள்னு வாங்கி வச்சாரு. மறுநாள் டப்பா மட்டும் இருந்துச்சு, கழுவியே வச்சிருந்தாங்க.

சுனிதா சொல்லித்தான் மனு வந்ததுன்னு வீட்டுல நெனைச்சிட்டிருக்காங்க. இன்னைக்கு என் பேப்பரோட காப்பியை எங்க வக்கீலுக்குக் குடுப்பாங்க. குடுத்துத்தான் ஆகணும், அத்தானோட உரிமை அது. அத்தைக்கு அதை யாராவது வாசிச்சுச் சொல்லணும். இந்தத் தடவை வக்கீலே சொல்லட்டும்.

ஏன் ஆன்ட்டி பையை அந்தப் பக்கம் மாத்தி வைக்கீங்க? உங்க பையனுக்கு நான் சொன்னது ஒண்ணும் பொய் இல்ல. அவன் செய்யலேன்னா அவனுக்கு அதெல்லாம் வேணும். செஞ்சிருந்தாலும் அதெல்லாம் உண்டு. அதை நான் கொறையாச் சொல்லவே இல்ல. கீழ் மாடி, லீகல் எய்டு, மறந்துராதீங்க.

பயமா? இல்லாம இருக்குமா. ஒரு வேளை ஜட்ஜ் மனுவைத் தள்ளிட்டாருன்னா, அவரு இன்னைக்கே எல்லாரும் ஒரே டாக்ஸியில வீட்டுக்குப் போலாம்பாரு. அத்தை நடுவுல உக்காருவாங்க.

கூப்பிட்டுட்டாங்க. தனசீலன்னுதான் கூப்பிட்டாங்க, நான் வாறேன். அத்தை கையைக் காட்டுதாங்க பாருங்க, சீக்கிரம் வான்னு.

பாப்பாவா? அத்தைகிட்ட பால்வாடின்னு சொல்லியிருக்கேன். காலையிலயே அவ துணிமணி, பால் பாட்டில் எல்லாம் கட்டி எடுத்து, சுனிதா வீட்டுல விட்டுட்டுத்தான் வந்தேன். கேஸ் எப்படிப் போனாலும் நானும் சாயங்காலம் நேரா அங்கதான் போறேன். தாராவியில அவரு தலை காட்டக் கூடாதுன்னு கோர்ட்டே எழுதி வச்சிருக்க வீடு அது ஒண்ணுதானே.