சூடு எறங்கினா சரியாயிடுமா

பார்த்திபன்: …அதுக்கில்ல பானு, நாலே நாலு நண்டு. இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பொட்டி?

பானு: ஐஸ் பாக்கெட்டு வெக்கணும், ஈரச் சாக்கு வெக்கணும். உயிரோட லேபுக்குப் போய்ச் சேரணும்லண்ணா.

பார்த்திபன்: மாசா மாசம் நீயேதான தோள்ல மாட்டிக்கினு போவ. இன்னிக்கி மட்டும் இன்னா, அண்ணன் வந்து தூக்கணும்னு? நாஷ்டா கூட துன்ன வுடாம இட்டாந்துட்ட.

பானு: தங்கச்சி மெட்ராஸ்ல இன்னா படிக்கிறான்னு ஒரு நாளு வந்து பாரேன். நீயும் லீவுலதான இருக்க.

பார்த்திபன்: லீவுதான்… கம்பெனில இரும்பு உருக்குற ஃபர்னஸ் மெயின்டனன்ஸு. இந்த வாரம் ஓட்டல.

பானு: ம்.

பார்த்திபன்: இன்னா 'ம்'?

பானு: ஒண்ணுமில்ல. கும்மிடிப்பூண்டி லோக்கல் வருதான்னு பாத்தேன்.

பார்த்திபன்: பேஜாரு புடிச்ச வண்டி. பொன்னேரிக்கு என்னிக்கி அது டைமுக்கு வந்துச்சு? இப்பிடி நெழல்ல ஒக்காரு. சரி, சொல்லு. அப்பா பழவேற்காட்டுல புடிக்கிற நண்ட எடுத்துக்கினு போயி இன்னாதான் பண்ற? அம்மா ஊரெல்லாம் 'எம் பொண்ணு நண்டு டாக்டரு'ன்னு சொல்லிக்கினு திரியுது.

பானு: டாக்டரா! எங்கிட்ட வந்த நண்டு எது பொழச்சிப் போயிருக்குது?

பார்த்திபன்: அப்ப அம்மா கொழம்புக்கு அறுக்குது, நீ பரிச்சைக்கு அறுக்குற. அவ்ளோதான்?

பானு: கிண்டல் பண்ணாத. நண்டு வயித்துக்குள்ள பல்லு இருக்குமே, பாத்திருக்கியா?

பார்த்திபன்: சுத்தம் பண்றப்போ கைல குத்துமே, அதானா?

பானு: அதான். அந்தப் பல்ல ஆட்டி வெக்கிறதுக்குன்னே இருவத்தஞ்சு முப்பது நரம்பு செல்லு, தனியா ஒரு கும்பலா இருக்கும். அத மட்டும் எடுத்து உப்புத் தண்ணில போட்டா… நண்டும் இல்ல, வயிறும் இல்ல. அது பாட்டுக்கு வேல செஞ்சிக்கினே இருக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு… திரும்ப ஒண்ணு, ரெண்டு, மூணு… நாள் பூரா.

பார்த்திபன்: சூப்பர்வைசர் ஊட்டுக்குப் போனதே தெரியாம வேல செய்யிறவன் மாதிரி.

பானு: அப்பிடியே வெச்சிக்க. அந்தத் தண்ணிய நாங்க சூடாக்குவோம்.

பார்த்திபன்: ஏன், அது இன்னா பாவம் பண்ணுச்சு?

பானு: ஏரித் தண்ணி மார்கழில ஒரு மாதிரி, சித்திரைல ஒரு மாதிரி. மழ புடிச்சா உப்பே இருக்காது. நம்ம ஒடம்புச் சூடு மாதிரி நண்டுக்கு ஒரே அளவா நிக்காது. தண்ணி எப்பிடியோ அதுவும் அப்பிடி. சூடு மாறினா அந்தச் செல்லுங்க எல்லாம் தாறுமாறா ஆவணும். ஆவல. ஏன் ஆவலன்னுதான் பாக்கறோம்.

பார்த்திபன்: ஏன் ஆவல?

பானு: மேளக்காரங்கள நெனச்சிக்க. சூடு ஏற ஏற வேகமா அடிப்பாங்க. ஆனா யாருக்கு அப்பறம் யாருன்ற வரிச மட்டும் மாறாது. இதுல இன்னா அதிசயம்னா, எந்த ரெண்டு நண்டும் உள்ள ஒரே மாதிரி இருக்காது. இதுல ஒரு சரக்கு தூக்கலா இருக்கும், அதுல வேற ஒண்ணு. அம்மா போடுற அளவும் துர்கா அண்ணி போடுற அளவும் வேறதான? ஆனா கொழம்பு ஒரே ருசிதான…

பார்த்திபன்: ஒரே ருசின்னு அம்மா எதிர்ல சொல்லிடாத.

பானு: அண்ணி எதிர்லயும்தான்.

பார்த்திபன்: சரி, இன்னும் சூடு ஏத்தினா?

பானு: ஒரு அளவுக்கு மேல ஏத்தினா கொழம்பிடும். ஒவ்வொண்ணும் இஷ்டத்துக்கு அடிக்கும். அப்பறம் நின்னுடும்.

பார்த்திபன்: …செத்துடுமா?

பானு: சாவாது. சூட்ட எறக்கினா, கொஞ்ச நேரத்துல பழையபடி அடிக்க ஆரம்பிச்சிடும்.

பார்த்திபன்: அப்பிடியே? பழையபடி?

பானு: பாக்கறதுக்கு அப்பிடியேதான்.

பார்த்திபன்: அப்ப சரி… அப்ப ஒண்ணும் பயமில்ல.

பானு: யாருக்கு?

பார்த்திபன்: நண்டுக்குதாண்டி! இல்ல… ஒரு தபா நின்னு போனது, அடுத்த தபா சீக்கிரமா நின்னுடுமா?

பானு: சொல்ல முடியாதுண்ணா. வெளில பாத்தா வித்தியாசமே தெரியாது. திரும்பச் சூடு பட்டாதான் எது தாங்கும், எது தாங்காதுன்னு தெரியும். சிலது இன்னும் கெட்டியாயிடும். சிலது…

பார்த்திபன்: சிலது?

பானு: ஃபர்னஸ் கிட்ட நிக்கிறியே, அங்க எவ்ளோ சூடு இருக்கும்ண்ணா?

பார்த்திபன்: பேச்ச மாத்தாத.

பானு: நானா மாத்துறேன்?

பார்த்திபன்: …சூடே இல்லாம நிக்குமா?

பானு: இன்னாது?

பார்த்திபன்: நண்டச் சொல்றேன், நண்ட! சூடே ஏத்தல. காலைல, நல்லா ஜில்லுனு இருக்குது. அப்பவும் அந்த ஒண்ணு ரெண்டு மூணு கொழம்புமா?

பானு: தண்ணில எதனா மாறியிருந்தா கொழம்பும். ஒண்ணுமே மாறாம நின்னா, உள்ளயே எதோ ஆயிருக்குதுன்னுதான் பாக்கணும். ஏண்ணா கேக்குற?

பார்த்திபன்: சும்மா… வண்டி வருது பாரு, பொட்டிய எடு.

பானு: அது கூட்ஸு. ஒக்காரு. …செங்கல்வராயன் போன் பண்ணாரு.

பார்த்திபன்: எந்தச் செங்கல்வராயன்?

பானு: ஒங்கூட ஒரே ஷிஃப்ட்டுல நிக்கிறவருதான். நீ ஃபர்னஸ் கிட்ட வுழுந்துட்டியாம். கை காலு இழுத்துக்கினு, வாய்ல நொரயாம்.

பார்த்திபன்: அவனுக்கு வாயி…

பானு: மெயின்டனன்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு வாரம் ஊட்ல இருன்னு ஒன்ன மட்டும் அனுப்பிட்டாங்க.

பார்த்திபன்: சூட்டுல மயக்கம்னு சொல்லி வெச்சிருக்கேன். ஃபிட்ஸுன்னு தெரிஞ்சா அந்தக் கான்ட்ராக்டர் கேட்டுக்குள்ளயே வுட மாட்டான். நாளன்னிக்கி டூட்டி ஏறணும். …துர்காகிட்ட சொல்லிட்டியா?

பானு: அத நீதான் சொல்லணும்.

பார்த்திபன்: இன்னாத்த சொல்றது? நீயே சொல்ற, சூடு எறங்கினா சரியாயிடுதுன்னு.

பானு: நான் நண்டுக்குச் சொன்னேன். மனுஷனுக்கு எனக்கு இன்னா தெரியும்? அதான்… சென்ட்ரல்ல என் ஃப்ரெண்டு வந்து இந்தப் பொட்டிய வாங்கிக்குவா. நாம லேபுக்குப் போவல. நேரா பெரியாஸ்பத்திரி. நரம்பு டாக்டர் கிட்ட ஒனக்காகச் சொல்லி வெச்சிருக்கேன்.

பார்த்திபன்: ஏமாத்தி இட்டுக்கினு வந்தியா?

பானு: நெசத்தச் சொல்லிக் கூப்ட்டிருந்தா வந்திருப்பியா? வுடு. நெறய பேருக்கு மாத்திரையிலயே கட்டுக்குள்ள வந்துடுதாம். எத்தினி தபா வந்துது, எப்பிடி வந்துதுன்னு கேப்பாங்க. ஒரே தபாதான், அதுவும் சூட்டுலன்னு நானே சொல்லிடறேன்.

பார்த்திபன்: அப்பிடிச் சொல்லாத பானு. முந்தாநேத்து காலைல பாப்பாவ ஸ்கூல்ல வுட வண்டில இட்டுக்கினு போனேன்… கண்ண தொறந்தா ரோட்டோரம் மணல்ல கெடக்குறேன், அவ பக்கத்துல நின்னுக்கினு இருக்குறா. அவளுக்கு அடி ஒண்ணும் இல்ல. 'தூங்கிட்டியாப்பா?'ன்னு கேட்டா… ஆமான்னு சொன்னேன்.