ஊறவைக்காத கிழங்கு

கிழங்கு வறுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கண்ணு. தோலைச் சீவி, விரல் தடிமனுக்கு வெட்டி, எண்ணெயும் மிளகும் நசுக்கிய பூண்டும் போட்டுப் பிரட்டி, தட்டில் பரப்பி ஓவனுக்குள் தள்ளினால் மீதியைச் சூடு பார்த்துக்கொள்ளும். நெருக்கிப் போட்டால் மட்டும் காரியம் கெட்டுவிடும். ஒன்றின் ஈரம் இன்னொன்றில் ஏறி, வேகுமே தவிர வறுபடாது. என் தம்பிக்கு ஓரம் லேசாகக் கருகியிருக்க வேண்டும்.

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார். வெயிலில் வந்திருக்கிறாய். தம்பி பெண்டாட்டி உங்கள் ஸ்டேஷனில் வந்து என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கிழங்கை நான் சரியாக ஊறவைக்கவில்லை, அதனால்தான் அவர் செத்தார், என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்றிருப்பாள். அவள் ஒழுங்காக ஊறவைத்தாளா இல்லையா என்று வீட்டிலிருந்த என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று நீ வந்திருக்கிறாய். வந்தது நல்லதாயிற்று.

அம்மா போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. நான்தான் வளர்த்தேன். என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தவர்களிடம், தம்பியும் கூட வருவான் என்றேன். ஒருவரும் மறுபடி வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். கிரீஸ் படிந்த கையோடு சமையலறை வாசலில் வந்து நின்று, என்ன வாசனைக்கா என்பான். ஒரு மனுஷிக்கு வேறென்ன வேண்டும்?

அவன் பெண்டாட்டி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்த அவளை இவன் வெளியே எடுத்தான். பிறகு இவன் மாட்டிக்கொண்டான். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பாள். அவள் சிரித்தால் அவனும் சிரிப்பான். என்ன விஷயம் என்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்பான். பொறாமை என்று நினைத்துக்கொள்ளாதே. என் வீட்டில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை இருக்காதா?

அப்புறம் அவனுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. மிஷினில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித் தருகிற பெண் என்னையும் தம்பி பெண்டாட்டியையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். கிழங்கில் ஒரு சத்து இருக்கிறதாம். நமக்கு நல்லது, அவனுக்கு விஷம். மெல்லிசாக வெட்டி, தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டிய பிறகுதான் வறுக்கலாம். அதுவும் கொஞ்சமாய், எப்போதாவது.

அவள் மருந்து வாங்கப் போயிருந்த சமயம் நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஊறப்போடலேன்னா வலிக்குமாம்மா?"

"வலியெல்லாம் பெருசா இருக்காதும்மா. நெஞ்சு சட்டுன்னு நின்னுடும். அதான் பயமே."

ஒரு விவரத்துக்காகக் கேட்டேன். அவ்வளவுதான்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவள் கடைக்குப் போவதற்குமுன் வெட்டி ஊறவைப்பாள். மதியம் நான் வடித்து, வேகவைத்து, வறுப்பேன். சாரமெல்லாம் தண்ணீரோடு போன கிழங்கில் என்ன இருக்கும்? ஈரத்துணியை மென்ற மாதிரி இருக்கும். ஆனாலும் அவன் மிச்சம் வைக்காமல் தின்பான். ஒரு விடுமுறை நாளில் அவளும் வீட்டில் இருந்தாள். தட்டைச் சுரண்டிக்கொண்டே அவளைப் பார்த்து, "உன் கைல என்னமோ இருக்குடி" என்றான்.

வறுத்தவள் நான், கண்ணு. சுடுகிற தட்டைத் திருப்பித் திருப்பிவிட்டு விரலைச் சுட்டுக்கொண்டவள் நான். அவள் செய்தது என்ன? தண்ணீரில் போட்டாள். தண்ணீரில் போடுவதும் ஒரு சமையலா?

மறுபடி கிழங்கு செய்த நாளில் அவள் ஊறவைத்ததைக் குப்பையில் கொட்டிவிட்டுப் புதிதாக வெட்டினேன். அவனுக்குச் சின்ன வயதில் செய்துகொடுத்த மாதிரியே செய்தேன். ஒரு துண்டை வாயில் போட்டவன் அப்படியே நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, இன்னிக்குத்தான் கிழங்கு கிழங்கா இருக்கு. ஊறப்போட்டதுதானே?"

"பின்னே? எண்ணெய் கொஞ்சம் கூட விட்டேன். அவகிட்ட சொல்லாதே, மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பா."

சிரித்தான். அவளுக்குத் தெரியாத ஒரு சிரிப்பு எங்களுக்கும் கிடைத்தது.

அதன்பின் அடிக்கடி கேட்டான். அவன் கெஞ்சினால் அவள் ஊறவைத்துவிட்டுப் போவாள். நான் கொட்டிவிட்டு வறுப்பேன். ரத்தப் பரிசோதனையில் அந்தச் சத்தின் அளவு ஏறியது. டாக்டர் அவளைத்தான் திட்டினார், என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவள் இன்னும் சீக்கிரம் எழுந்து, இன்னும் மெல்லிசாக வெட்டி, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தாள். அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

"எங்க தப்பு பண்றேன்னே தெரியல அண்ணி. நீங்களாவது கூட நின்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவும் செய்தேன். ஒரு தப்பும் இல்லை. சுத்தமான வேலை.

கடைசித் தடவை மிஷின் பழுது என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குக் கிழங்கே வேண்டாம் என்றாள் அவள். இவன் முகம் தொங்கிப்போனது. மனம் கேட்காமல் ஒரு கைப்பிடி ஊறவைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். நான் ஒரு தட்டு நிறைய வறுத்தேன். உருளை, பீட்ரூட், சர்க்கரைவள்ளி. நெருக்காமல், இடம் விட்டு, ஓரம் கருக. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சாய்வு நாற்காலியில் சரிந்தான். கால் கல் மாதிரி கனக்கிறது என்றான். கையைப் பிடித்துக்கொண்டேன். டெலிபோன் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கூப்பிட்டிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும், அதற்குமுன் அவளும் ஓடி வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை. சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பான். அவனோ கண்ணை மூடிக்கொண்டே, "அவ வந்துட்டாளாக்கா?" என்றான். வந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். அவ்வளவு சொன்னால் போதும் என்று தோன்றியது.

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் அவளுக்குச் சொன்னேன்.

அன்றிலிருந்து அவள் ஒன்றையேதான் சொல்லி அழுகிறாள். நான் கொன்றுவிட்டேன், நான் கொன்றுவிட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். தண்ணீர் கொடுக்கிறார்கள், முதுகைத் தடவுகிறார்கள். நான் மூலையில் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருக்கிறேன். அதையும் பொறுத்துக்கொண்டேன். இப்போது ஸ்டேஷன்வரை போய், எழுதிக்கொள்ளுங்கள் என்கிறாளாம்.

அவன் சம்பளம், அவன் சிரிப்பு, அவன் பசி எல்லாவற்றிலும் அவளுக்கு இடம் விட்டேன். அவன் சாவையும் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தால் எப்படி? நீயே சொல், நியாயமா?

எழுதிக்கொள், கண்ணு. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடு. பாவம் என்று சொல்லவில்லை. அவளுக்கு இதில் பங்கு இல்லை.