புள்ளி தெரிந்தால் அழுத்தவும்

கணவன்: என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?

மனைவி: ம்... தாடையை ஒரு தாங்கியில வச்சு, நடுவுல இருக்கற விளக்கையே பாருங்கன்னாங்க. சுத்தி எங்கயாவது புள்ளி மின்னினா பொத்தானை அமுக்கணுமாம்.

கணவன்: அமுக்குனியா?

மனைவி: அமுக்கினேன், அமுக்கினேன். ஏங்க, கண்ணாடி மாத்தறதுக்கா இவ்வளவு கூத்து?

கணவன்: இப்பல்லாம்... அப்படித்தான்.

மனைவி: மலேரியா மாத்திரை எத்தனை வருஷமா சாப்பிடறீங்கன்னு அந்த நர்ஸ் கேக்குது. எனக்கு எப்பம்மா மலேரியா வந்துச்சுன்னேன்!

கணவன்: உன் மூஞ்சியில இருந்த செந்தடிப்புக்குத் தோல் டாக்டர் கொடுக்கறாரே, அதான்.

மனைவி: அதுவா? தோலுக்குப் போட்ட மாத்திரைக்குக் கண்ணுல என்ன வேலை?

கணவன்: எனக்கும் சரியா விளங்கல. ரொம்ப வருஷம் சாப்பிட்டா சில பேருக்குக் கண்ணுக்கு உள்பக்கம் பாதிக்குமாம். அதான் வருஷா வருஷம் பாக்கணுமாம்.

மனைவி: உங்களுக்கு யாரு சொன்னா?

கணவன்: அது... எங்கயோ கேட்டேன்.

நர்ஸ்: அம்மா, மறுபடி எடுக்கணும். புள்ளியே வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க. மெஷின் காட்டிக் கொடுத்துருச்சு.

மனைவி: கை... தானா அமுக்கிருச்சும்மா.

நர்ஸ்: பரவால்ல. கொஞ்ச நேரம் கண்ணை மூடி உக்காருங்க, கூப்பிடறேன்.

கணவன்: ஏன் அப்படிப் பண்ணின?

மனைவி: அதான் சொன்னேனே, கை தவறிருச்சு.

கணவன்: போன வாரம் கேக்குல 'பிறந்நாள்'னு எழுதியிருக்க. நடுவுல 'த'வையே காணோம். உங்க பேக்கரி முதலாளி சொன்னாரு.

மனைவி: அவரு உங்ககிட்ட வேற வந்து சொன்னாரா? கிரீம்தானே, வாயில போனா எல்லா எழுத்தும் ஒண்ணுதான்!

கணவன்: சிரிக்காத. அதைக் கேட்டுட்டுத்தான் தோல் டாக்டரைப் பாத்தேன். அவருதான் இங்க அனுப்பினாரு.

மனைவி: அப்ப கண்ணாடின்னு சொன்னது?

கணவன்: பொய். நிஜத்தைச் சொன்னா வந்திருப்பியா?

மனைவி: மாத்திரையை நிறுத்திருவாங்க... அதானே? நர்ஸ் அதைப் பத்திக் கேட்டப்பவே புரிஞ்சுபோச்சு, அதான் தெரியாததுக்கும் அமுக்கினேன். மறுபடி அந்த முகத்தோட நான் எப்படிங்க கடையில நிப்பேன்? 'ஒட்டிக்குமா'ன்னு கேட்டுட்டு, வாங்க வந்தவங்க கட்டின கேக்கை வச்சுட்டுப் போனாங்களே... மறந்துட்டீங்களா?

கணவன்: மறக்கல. தோலுக்கு வேற மருந்து இருக்காம். பார்வை போனா திரும்பாதாம். இங்க பாரு... என் கண்ணையே நேராப் பாரு. என்ன தெரியுது?

மனைவி: கண்ணு தெரியுது... நீங்க பேசறது கேக்குது. வாய்தாங்க... அது இருக்கற இடத்துல ஒண்ணுமே இல்ல.