கூண்டில் இருந்த வளையம்

என் மைத்துனனுக்கு எந்தச் சட்டையும் சரியாக அமையாது. தோள் அவ்வளவு அகலம். பாதுகாப்பு பெல்ட்டைக்கூட நான்தான் பின்னால் நின்று இழுத்துக் கட்டிவிடுவேன்.

"மூச்சு விடக் கொஞ்சம் இடம் குடுங்க மாமா. எங்கக்கா உங்களுக்குக் குடுக்குற அளவாவது" என்பான்.

நாங்கள் இருவரும் பூம் லிஃப்டில், அதாவது நீண்ட இரும்புக் கையின் நுனியில் ஆள் நிற்கும் கூண்டு உள்ள வண்டியில் ஏறி, கட்டடங்களின் வெளிச்சுவரில் கண்ணாடி பொருத்துகிறவர்கள். உயரத்தில் கூண்டு உதறினால் ஆளை வெளியே எறிந்துவிடும். அதனால் பெல்ட்டுக் கயிற்றின் கொக்கியைக் கூண்டில் உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். ஆளுக்கொரு வளையம். அன்று ஒரு வளையம் வெல்டிங் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. சொன்னால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். அந்தச் சுவரை அன்றே முடிப்பதாக இன்ஜினியரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

நல்ல வளையத்தில் என் கொக்கியை மாட்டிக்கொண்டேன். வண்டியை ஓட்டுகிறவன் நான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மேலே அவன் கதி என்ன? அவனை நினைத்துத்தான் அப்படிச் செய்தேன்.

அவன் கொக்கியை அவனுடைய பெல்ட்டின் இடுப்பு வளையத்திலேயே, பின்பக்கமாக மாட்டிவிட்டேன். எங்கள் தொழிலில் அவசரத்துக்குச் சிலர் செய்வதுதான். கீழிருந்து பார்க்கிற பாதுகாப்பு அதிகாரிக்கு வித்தியாசம் தெரியாது.

"மாட்டியாச்சா மாமா?"

"மாட்டியாச்சு. நீ வேலையப் பாரு."

அதில் பொய் இல்லை.

சுவரின் மறுகோடிக்குப் போகும்போது கூண்டை இறக்காமலே வண்டியை நகர்த்தினேன். மண் மூடியிருந்த குழியில் சக்கரம் இறங்கியது. கூண்டு ஒரே ஒரு முறை உதறியது. என்னை என் கயிறு பிடித்துக்கொண்டது. அவன் கத்தவில்லை. கயிறு பிடிக்கும் என்று நம்பியிருப்பான்.

கொக்கி அவன் இடுப்பில் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சோம்பல்பட்டு அவனே மாட்டிக்கொண்டதாக அவர்களே பேசிக்கொண்டார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் போனது எனக்கும் தாங்கவில்லை. மதியச் சாப்பாட்டில் இன்னமும் பாதியை ஒதுக்கிவைக்கிறேன். எடுத்துக்கொள்ளத்தான் யாரும் இல்லை.

என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "என் தம்பி ஏங்க ஒழுங்கா மாட்டல?"

"எத்தனை தடவை சொல்லியும் கேக்கல."

அதோடு அவள் அழுகை நின்றுவிட்டது. அம்மா இல்லாத குறை தெரியாமல் வளர்த்த அக்காவை ஒரு நிமிஷம் நினைக்காதவனுக்குப் படம் எதற்கு என்று, அவன் படத்தைச் சுவரில் மாட்ட விடமாட்டேன் என்கிறாள். அவன் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

நான்தான் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன். விளையாட்டுப் புத்தி, தெரியாமல் செய்துவிட்டான், விடு என்கிறேன். நானே அவனை மன்னித்துவிட்டேன்.