வளர்மதிக்கு மட்டும் தூக்கம் வந்தது

"வெடி! வெடி! ஒதுங்கிக்கங்க!"

கல்குவாரிச் சங்கு ஊதுகிறது. ஓடுகிறேன். டிராக்டருக்கு அடியில் குப்புற விழுகிறேன். தரை அதிர்கிறது. பிறகு சத்தம். டம். வாயெல்லாம் மண்.

கார்த்திகை மாதம். வெள்ளிக்கிழமை. தொண்டூர்ப் பக்கம் மல்லாட்டை பிடுங்குகிறோம், வேர்க்கடலைதான். இங்கே போர் இல்லை. தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை.

"இன்னா திலகா, டிராக்டருக்கு அடியிலயா மல்லாட்ட காய்க்குது?"

வளர்மதி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவளும் நானும் ஒன்றாக வெளிநாடு போனோம். ஒரே வீட்டில் துடைக்கிற வேலை. அங்கே போர் வந்தது. குண்டுச் சங்கு ஊதினால் படிக்கட்டுக்கு அடியில் ஓட வேண்டும். கடைசி நாள் மூன்று பேர் ஓடினோம். கூட வேலை செய்த ரோஸ்லின் வந்து சேரவில்லை. அன்று வளர்மதியும்தான் அலறினாள். இப்போது அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பாடுகிறாள். அவளுக்கு மட்டும் என்ன வரம்?

எனக்கு நெஞ்சு திக் திக்கென்று அடிக்கும். விரல் மரத்துப்போகும். மூச்சு பாதியில் நிற்கும். வீட்டில் கேஸ் என்றார்கள். ஓமத்தண்ணீர். கோலிசோடா.

"கேஸுதான். நல்லா ஏப்பம் வுடு," என்றார் வீட்டுக்காரர்.

விட்டேன். ஏப்பம் வந்தது. பயம் உள்ளேயே இருந்தது.

மகளைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தினேன். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக்கூரை. ஏதாவது விழுந்தால்? நான் எட்டாவதோடு நின்றவள். அவளும் எட்டாவது. பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் தாங்காமல் வளர்மதி வீட்டுக்குச் சண்டைக்குப் போனேன்.

"உனுக்கு மட்டும் எப்டிடி தூக்கம் வருது?"

அவள் சிரிக்கவில்லை.

"மாத்திர போட்டு வருது. செஞ்சி ஆஸ்பத்திரிக்கு மனசு டாக்டர் வராங்க. நானும் கேஸுன்னு சோடாவா குடிச்சவதான்."

"ஏன்டி சொல்லல?"

"பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லுவ. உன் வாய் எனக்குத் தெரியாதா?"

அப்போதும் பொறாமைதான். எனக்கு முன்னால் போய்விட்டாளே.

அடுத்த முறை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். "இது பதற்ற நோய்மா. ஆபத்து போயிடுச்சு, உடம்பு இன்னும் காவல் காக்குது. வைத்தியம் இருக்கு," என்றார். மாத்திரை தந்தார். மாதாமாதம் வந்து பேசச் சொன்னார். போகிறேன். வெடிக்கு இன்னும் திடுக்கிடுகிறேன். ஓடுவதில்லை.

என்னை விட்டுப் போனவை இவை. ரோஸ்லின். அவள் வயது இருபத்தாறு. என் உடம்பில் பாதி எடை. ஊர் திரும்பி, வளர்மதியோடு முகம் கொடுத்துப் பேசாத ஒரு வருடம். மகளின் அரைப்பரீட்சை.

முழுப்பரீட்சை இன்று. அனுப்பிவிட்டேன். வாசலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அனுப்பிவிட்டேன்.